வரியைக் குறைப்பேன் என்கிறார் வேட்பாளர், சரி: எந்த வரியை?

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். எனக்கு மன்ஹாட்டனில் வேலை, மனைவிக்குப் பக்கத்திலேயே பிஸ்காட்டவேயில். இருவர் சம்பளமும் சேர்ந்து வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே. வீட்டு வரி 12,400 டாலர். 2025 கவர்னர் தேர்தலில் எல்லோரும் வரியைப் பற்றித்தான் பேசினார்கள், எங்கள் பில் குறைந்தபாடில்லை. மனைவிக்கு இப்போதுதான் குடியுரிமை கிடைத்திருக்கிறது. இந்த வாக்குறுதிகளை நாங்கள் எப்படி எடை போடுவது?

பதில்: முதலில் அந்த வீட்டு வரி பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டிக்கு (மாவட்டம் மாதிரி) இவ்வளவு, டவுன்ஷிப்புக்கு (ஊர் நிர்வாகத்துக்கு) இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பெரும்பாலான ஊர்களில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகும். மாநில அரசுக்கு என்று அதில் ஒரு காசுகூட இருக்காது. அதாவது எந்த வரியைக் காட்டி கவர்னர் வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்கிறார்களோ, அந்த வரியைக் கவர்னர் போடுவதே இல்லை.

அப்படியானால் அவருக்குச் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அதே பில்லில் சின்ன எழுத்தில், மாநில உதவித்தொகையால் உங்களுக்கு எவ்வளவு வரி மிச்சமானது என்று ஒரு குறிப்பு இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. கவர்னரின் கை உங்கள் பில்லைத் தொடும் இடம் அதுதான். மாநிலம் பள்ளிகளுக்குக் கொடுக்கும் பணம் கூடினால் ஊர் வசூலிக்க வேண்டியது குறையும். மாநிலப் பணம் குறைந்தால் மிச்சத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். ஆகவே வீட்டு வரியைக் குறைப்பேன் என்று யார் சொன்னாலும் நீங்கள் கேட்க வேண்டியது, பள்ளி உதவித்தொகையை எப்படிப் பங்கிடப் போகிறீர்கள், எந்த ஊருக்குக் கூடும், எந்த ஊருக்குக் குறையும் என்பதைத்தான். 2025-இல் குடியரசுக் கட்சியின் ஜாக் சியாட்டரெல்லி பள்ளி நிதிப் பங்கீட்டு முறையையே மாற்ற வேண்டும் என்றார். பிடிக்கிறதோ இல்லையோ, சரியான இடத்தில் கை வைத்த பேச்சு அது. ஆனால் பங்கீடு என்றால் ஒரு ஊர் வாங்குவதை இன்னொரு ஊர் இழக்கும். அந்தப் பாதியை மேடையில் யாரும் விரித்துச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது வருமான வரி. நியூ ஜெர்சியில் இதற்கும் வீட்டு வரிக்கும் தொப்புள்கொடி உறவு உண்டு. 1976-இல் பிரெண்டன் பர்ன் கவர்னராக இருந்தபோது, பள்ளி நிதி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் பள்ளிகளையே மூடிவிட்டது. அந்த நெருக்கடியில்தான் வருமான வரி வந்தது. வரும் பணம் முழுவதும் வீட்டு வரிச் சுமையைக் குறைக்கவே செலவாக வேண்டும் என்று அரசியல் சட்டத்திலும் எழுதிவைத்தார்கள். ஆக, வருமான வரியை வெட்டுவேன் என்பவர் பள்ளி உதவியும் வீட்டு வரிச் சலுகையும் வருகிற பெட்டியிலிருந்தே பணத்தை எடுக்கிறார். எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை எதை வைத்து நிரப்புவார் என்று சொல்லட்டும்.

இதற்கு நல்ல உதாரணம் 1993 தேர்தல். அதற்கு மூன்று வருஷம் முன்னால் கவர்னர் ஜிம் ஃப்ளோரியோ ஒரேயடியாக 280 கோடி டாலர் அளவுக்கு வரியை ஏற்றினார். விற்பனை வரி 6 சதவீதத்திலிருந்து 7 ஆனது; டாய்லெட் பேப்பருக்குக்கூட வரி என்று ஊரே கொதித்தது. கிறிஸ்டின் டாட் விட்மன் வருமான வரியை 30 சதவீதம் குறைப்பேன் என்று களமிறங்கி, மயிரிழையில் ஜெயித்தார். சொன்னதை மூன்று வருஷக் கெடுவுக்கு முன்பே செய்தும் காட்டினார். அது மட்டுமா நடந்தது? அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் குறைத்தார்கள், 1997-இல் அந்த நிதிக்காகவே 275 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். வீட்டு வரியோ ஏறிக்கொண்டேதான் இருந்தது. வாக்குறுதி பொய்யில்லை, பில் மட்டும் வேறு விலாசத்துக்குப் போனது.

உங்கள் வீட்டுக்கே வருவோம். நீங்கள் மன்ஹாட்டனில் சம்பாதிப்பதால் அந்தச் சம்பளத்துக்கு நியூயார்க் மாநிலம் முதலில் வரி எடுத்துக்கொள்கிறது. அங்கே கட்டியதை நியூ ஜெர்சி தன் வரியில் கழித்துக்கொள்கிறது, ஆனால் அதே வருமானத்துக்கு இங்கே வரும் வரி அளவுக்குத்தான். உங்கள் வருமான அளவில் நியூயார்க் வரி பொதுவாக அதிகம் என்பதால், உங்கள் சம்பளத்தின் பேரில் நியூ ஜெர்சிக்குப் பெரிதாக ஒன்றும் போவதில்லை. இந்த நிலையில் இங்கே வருமான வரியைக் குறைத்தால் உங்களுக்கு என்ன லாபம்? கிட்டத்தட்ட எதுவும் இல்லை. மனைவியின் பிஸ்காட்டவே சம்பளத்துக்கு மட்டும் கொஞ்சம் மிச்சமாகும். தினமும் ரயிலேறி நியூயார்க் போகிறவர்கள் இதைக் கணக்குப் போடாமலே வருமான வரிக் குறைப்புக்குக் கை தட்டுவதைப் பார்க்கிறேன்.

விற்பனை வரி இப்போது 6.625 சதவீதம். மளிகைக்கும் துணிமணிக்கும் கிடையாது, அதனால் மாதாமாதம் பெரிதாக உறைக்காது. ஆனால் அரசியலில் அதற்குக் கூர்மை அதிகம். ஃப்ளோரியோ ஏற்றியது பின்னால் 6-க்கே இறங்கியிருந்தது; 2006-இல் கவர்னர் ஜான் கார்ஸைன் மறுபடி 7 ஆக்கப் பார்த்தபோது சட்டமன்றம் முரண்டு பிடித்து, அரசு அலுவலகங்களும் அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதிகளும் சில நாள் மூடிக் கிடந்தன. கவர்னரும் சட்டமன்றமும் ஒரே கட்சி என்பதைக் கவனியுங்கள். 2025 விவாத மேடையில், இதை உயர்த்த மாட்டேன் என்று உறுதி தர முடியுமா என்ற கேள்விக்கு ஜனநாயகக் கட்சியின் மைக்கி ஷெரில் பிடி கொடுக்கவில்லை. சியாட்டரெல்லி அதையே பிடித்துக்கொண்டார். ஜெயித்தது ஷெரில். அவருடைய பெரிய வாக்குறுதி வரியைப் பற்றியதே அல்ல, மின்கட்டணத்தைப் பற்றியது.

‘உச்சவரம்பு’ என்ற சொல் வந்தால் நிதானியுங்கள். கவர்னராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி 2010-இல் வீட்டு வரிக்குக் கொண்டுவந்த 2 சதவீத உச்சவரம்பு இன்றும் இருக்கிறது. ஆனால் அது ஊர் மொத்தமாக வசூலிக்கும் தொகை வருஷா வருஷம் ஏறுவதற்குத்தான், உங்கள் தனி பில்லுக்கு இல்லை. கடன் தவணை, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏறினால் விலக்கும் உண்டு. ஊரில் வீடுகளை மறுமதிப்பீடு செய்து, உங்கள் வீட்டு மதிப்பு மற்றவர்களுடையதைவிட வேகமாக ஏறியிருந்தால், உச்சவரம்பு இருக்கும்போதே உங்கள் பில் 10 சதவீதம்கூட எகிறலாம். அப்படி ஏறி, மதிப்பீடு தவறு என்று தோன்றினால் கவுன்ட்டி வரி வாரியத்தில் முறையிடலாம். பெரும்பாலான கவுன்ட்டிகளில் கடைசி நாள் ஏப்ரல் 1, ஊர் முழுக்க மறுமதிப்பீடு நடந்த வருஷத்தில் மே 1; ஆனாலும் உங்களுக்கு வரும் மதிப்பீட்டு அட்டையில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்பாளர் யாரும் இதைச் சொல்லித் தர மாட்டார்.

சலுகைத் திட்டங்களையும் பாருங்கள். வீட்டு வரிச் சுமைக்கு மாநிலம் பணம் தரும் ‘ஆங்கர்’ திட்டத்தில் 2025 விதிப்படி ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் டாலர் வரை வருமானம் உள்ள வீட்டுக்காரருக்கு 1,000 டாலர் கிடைத்தது. நீங்கள் அதில் வருவீர்கள்; இதுவரை வாங்காவிட்டால் முதலில் அதைக் கவனியுங்கள். இந்தப் பணம் ஒவ்வொரு வருஷ பட்ஜெட்டிலும் புதிதாக ஒதுக்கப்படுவது. ஜூன் 30-க்குள் பட்ஜெட் முடிந்தாக வேண்டும், வரவும் செலவும் சமமாக இருக்க வேண்டும் என்பது மாநில அரசியல் சட்டம். கை இறுகினால் இது போன்ற சலுகைகளில் வெட்டு விழுவது இங்கே பழைய கதை. ஆகவே புதுச் சலுகை தருவேன் என்பதைவிட, இருப்பதற்கு எங்கிருந்து பணம் என்று சொல்பவருக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

அடுத்த கவர்னர் தேர்தல் 2029-இல்தான். அதற்கு முன் 2027-இல் சட்டமன்றத்தின் இரு அவைகளுக்கும் தேர்தல் வருகிறது. பட்ஜெட்டை நிறைவேற்றுபவர்கள் அவர்கள்தான் என்பதால், உங்கள் மனைவியின் முதல் பெரிய வரி ஓட்டு அதுவாகவே இருக்கும். பெரும்பாலான ஊர்களில் பள்ளி வாரியத் தேர்தலும் அதே நவம்பர் ஓட்டுச்சீட்டில் வரும். பில்லில் பாதிக்கு மேல் போகும் பணத்தைச் செலவழிப்பவர்களை நிறையப் பேர் தேர்ந்தெடுக்காமலே கிளம்பிவிடுகிறார்கள். பெயர்ப் பதிவுக்குத் தேர்தலுக்கு 21 நாள் முன்பு வரை நேரம் உண்டு.