மோதவிடும் விமானத்துக்கு என்ன மோட்டார் வாங்குவது?

கேள்வி: ரிமோட்டில் பறக்கும், நான்கு அடி அகலமுள்ள இபிபி (வளையும் ஃபோம்) ஃப்ளையிங் விங் (வால் இல்லாத, இறக்கை மட்டுமே உள்ள விமானம்) ஒன்றில் எலெக்ட்ரிக் மோட்டார் பொருத்தி, நண்பர்களோடு காம்பாட் (வானில் விமானங்களை மோதவிடும் விளையாட்டு) விளையாட ஆசை. கடைக்காரர் 2200 கேவி (ஒரு வோல்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற அளவு) மோட்டார், 4எஸ் (நான்கு செல்) பேட்டரி, 60 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) உள்ள செட்டைக் காட்டி, வேகம் இருந்தால்தான் ஜெயிக்கலாம் என்கிறார். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். அது வேகத்துக்கான செட். காம்பாட்டில் முந்துவது எது தெரியுமா? இடிபட்டு விழுந்தபின் உடனே எடுத்து மறுபடி எறிய முடிகிற, சின்ன வட்டத்தில் திரும்புகிற விமானம். எடை ஏற ஏற வட்டம் பெரிதாகும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 4எஸ் பேட்டரியில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த அடியைத்தான்.

ட்ரிக் ஆர்சி நிறுவனத்தின் சாகி போன்ற விங்குகள் மோட்டாரே இல்லாமல், மலைச்சரிவில் மேலேறும் காற்றில் பறந்து ஒன்றையொன்று இடித்து விளையாடியவைதான். பிறகு சாகியில் ஸ்பீட் 400 என்ற சின்ன பிரஷ் மோட்டாரைப் பொருத்தினார்கள். அதுவே பறக்கப் போதுமானதாக இருந்தது.

உங்களுக்கு 2212 அளவில் 1400 கேவி மோட்டார், 8x4 ப்ராப் (காற்றாடி), 30 ஆம்பியர் இஎஸ்சி, 3எஸ் 2200 எம்ஏஹெச் பேட்டரி போதும். மொத்த எடையை 850 கிராமுக்குள் வையுங்கள். இதில் மிச்சமாகும் பணத்தில் உலோகப் பல்சக்கரம் உள்ள இரண்டு சர்வோ (இறக்கையின் அசையும் மடிப்பை இயக்கும் சின்ன மோட்டார்), ஒரு கை நிறைய ப்ராப், இன்னொரு பேட்டரி வாங்குங்கள். மோதலில் முதலில் போவது ப்ராப், அடுத்தது சர்வோவின் பல்.

ஃபோம் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். இபிபி என்று சொல்லித் தெர்மாகோலைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஓரத்தை மடக்கிப் பாருங்கள். இபிபி வளைந்து பழைய நிலைக்கு வரும், தெர்மாகோல் உடைந்து மணிமணியாக உதிரும். ஆனால் இபிபி தனியாக நின்றால் தொளதொளவென்றிருக்கும். இறக்கைக்குள் கார்பன் ராடு பதித்து, கண்ணாடி இழை ஓடும் ஃபிலமென்ட் டேப்பை மேலும் கீழும் ஒட்டினால்தான் விறைப்பு வரும். முன் விளிம்புக்கு இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். பேட்டரியை ஃபோமுக்குள் குழி வெட்டிப் புதையுங்கள், வெளியே தொங்கவிட வேண்டாம்.

ட்ரான்ஸ்மிட்டரில் எலிவான் மிக்ஸிங் (இறக்கையின் பின் விளிம்பில் உள்ள இரு மடிப்புகளான எலிவான்களையே ஏற இறங்கவும் திரும்பவும் பயன்படுத்தும் வசதி) இருக்கிறதா, அதை ட்ரான்ஸ்மிட்டரிலேயே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 இதைச் செய்யும். கம்ப்யூட்டரில் கேபிள் செருகித்தான் மாற்ற முடியும் என்றால் மைதானத்தில் தவிப்பீர்கள். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்த பிறகே பறக்கவிடுங்கள். இதில் சமரசம் கூடாது.

பொருத்தும்போது இரண்டு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஒன்று, ப்ராப். மோட்டார் பின்னால் இருந்தாலும் ப்ராப்பில் எண் அச்சான பக்கம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடுங்கள், ப்ராப்பைத் திருப்பாதீர்கள். இன்னொன்று, எடைச் சமநிலைப் புள்ளி. வால் இல்லாத விமானத்தில் அது சில மில்லிமீட்டர் பின்னால் போனாலே கட்டுப்பாடு போய்விடும். தயாரிப்பாளர் சொன்ன புள்ளிக்குச் சற்று முன்னால் தொடங்கி, எலிவான்களைச் சில மில்லிமீட்டர் மேலே தூக்கி வையுங்கள். ஒவ்வொரு முறை பசையும் டேப்பும் போட்டு ஒட்டிய பிறகும் மறுபடி சரிபாருங்கள்.

கையால் எறியும்போது மோட்டார் ஓடக் கூடாது. ப்ராப் உங்கள் கையைத் தாண்டித்தான் போகிறது. விமானம் கையை விட்டு விலகிய பிறகு த்ராட்டிலைக் கொடுங்கள். அப்புறம், நீங்கள் பறக்கவிடும் மைதானம் பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதி) இருக்கிறதா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். பார்வையாளர்கள் பக்கம் யாரும் துரத்திக்கொண்டு வரக் கூடாது என்பதை நண்பர்களோடு முன்பே பேசி வைப்பதும் அவசியம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பிய நிலையில் வந்தது. பேட்டரிக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறார் விற்பவர். என்ன செய்வது? (திருச்சி வாசகர்)

பதில்: அவர் அப்படிச் சொல்ல முடியாது. பழுதான பொருளைத் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உப்பிய பேட்டரியின் படம், பில், ஒவ்வொரு செல்லின் வோல்டேஜ் ஆகியவற்றோடு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

மாற்றுப் பேட்டரி வந்ததும் எடை போடுங்கள். 3எஸ் 2200 பேட்டரி ஏறக்குறைய 170 முதல் 190 கிராம் இருக்கும். 130 கிராம்தான் என்றால் ஸ்டிக்கரில் உள்ள கொள்ளளவை நம்ப வேண்டாம். உப்பிய பேட்டரியை எந்தக் காரணத்துக்காகவும் சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே மணல் வாளியில் வையுங்கள். நீங்களாகக் கூரியரில் அனுப்பவும் வேண்டாம், எடுத்துப்போகும் ஏற்பாட்டை விற்பவரே செய்யட்டும்.