பயந்த அப்பாவும் பெருங்காடும்: 'தி க்ரூட்ஸ்' பற்றி ஒரு பதில்

சிரிப்புக் கதையாகத் தொடங்கிக் காட்டில் உயிர் பிழைக்கும் சாகசமாக மாறும் அனிமேஷன் படங்களில் குடும்பத்தோடு பார்க்கத் தக்கது எது என்றும், ஏழு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துப் பயந்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் தேர்வு, ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் உருவாக்கி 2013இல் வெளிவந்த 'தி க்ரூட்ஸ்'. இயக்கியவர்கள் கிர்க் டிமிக்கோ, கிறிஸ் சாண்டர்ஸ்.

இந்த வகைப் படங்கள் பலவற்றில் முன்பாதி நகைச்சுவையும் பின்பாதி ஆபத்தும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். இப்படத்தில் இரண்டுக்கும் ஊற்று ஒன்றே: குகைவாசிக் குடும்பத்தின் தலைவன் க்ரக்கின் பயம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பாம்பாலும் கொசுக்கடியாலும் வெறும் சளியாலும்கூட ஒவ்வொன்றாய் அழிந்துபோனதை மகள் ஈப் தொடக்கத்திலேயே வேடிக்கையாகச் சொல்லிவிடுகிறாள். ஆகவே இரவில் அப்பா சொல்லும் கதைகள் அனைத்தும், புதியதைத் தேடிப் போன ஆள் செத்துப்போனான் என்றே முடிகின்றன. குடும்பத்தார் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா என்று சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும், மாமியாரும் பிழைத்திருப்பதைக் கண்டு அவன் முகம் வாடுவது தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்கம் தேவைப்படாத நகைச்சுவை.

பிறகு நிலநடுக்கத்தில் குகை இடிந்து விழ, அதுவரை புழுதி நிறத்திலேயே இருந்த திரையில் வண்ணங்கள் கொட்டும் ஒரு காடு விரிகிறது. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் காட்சி ஆலோசகராக இருந்திருக்கிறார் என்பது அந்த வெளிச்ச மாற்றத்தில் தெரிகிறது. அழகாகத் தோன்றும் சிவப்புப் பறவைக் கூட்டமொன்று பெரிய விலங்கை நொடிகளில் எலும்புக்கூடாக்கிவிடும்போது, க்ரக்கின் உடல் வலிமை அங்கே ஒன்றுக்கும் உதவாது என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. நெருப்பும் காலணியும் யோசனையும் கொண்டு வரும் 'கை' (Guy) என்ற இளைஞனே வழிகாட்டியாகிறான். இந்த விலங்குகள் யாவும் கற்பனை என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிச்சாவரத்தில் படகில் போனபோது இப்படி எதுவும் வரவில்லையே என்று என் மகன் குறைபட்டுக்கொண்டான். அங்குள்ள தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டாலே பார்வை கெட்டுவிடும் என்று அவனுடைய தாத்தா சொன்ன பிறகுதான் அடங்கினான்.

அந்தத் தாத்தா, அதாவது என் அப்பா, கடலூரில் எங்கள் வீட்டில் இப்படம் ஓடியபோது நாங்கள் சிரித்த இடங்களில் சிரிக்கவே இல்லை. "அவன் பயப்படுறதுல என்னப்பா தப்பு?" என்றே கேட்டார். 2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கதவுக்கு முட்டுக் கொடுத்து எங்களையெல்லாம் நடுக்கூடத்தைவிட்டு நகரவிடாமல் உட்கார வைத்தவர் அவர். அவர் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. இளைஞனின் யோசனைகள் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பலிப்பதும், அப்பனின் எச்சரிக்கைகள் பெரும்பாலும் கேலிக்கு ஆளாவதும் இப்படத்தின் குறை. ஆனால் இறுதிக் கட்டத்தில், பிளந்துகொண்டிருக்கும் நிலத்தின் மறுபுறத்துக்குக் குடும்பத்தினர் ஒவ்வொருவரையும் க்ரக் தன் கையாலேயே தூக்கி எறியும்போது, அதுவரை கேலி செய்யப்பட்ட அந்தப் பயமும் முரட்டு வலிமையும் வேறொரு மதிப்பைப் பெறுகின்றன. அதன் பிறகு நடப்பதை நீங்களே பாருங்கள்.

ஏழு வயதுக்கு இது ஏற்ற படம்தான். ரத்தம் காட்டப்படுவதில்லை. பெரும்பூனை துரத்தும் காட்சியில் சற்றே மிரளலாம். அப்பா பிரியும் அந்த இடத்தில் அழவும் கூடும், ஆகவே அப்போது பக்கத்தில் இருங்கள்.

'மடகாஸ்கர்' (2005) படமும் இதே வகைதான்: நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையில் தட்டில் இறைச்சி உண்டு பழகிய சிங்கத்துக்குக் காட்டில் பசி வந்ததும், உயிர் நண்பனான வரிக்குதிரையே உணவாகத் தெரியத் தொடங்குகிறது. கட்டமைப்பில் அது இதைவிடக் கச்சிதம் என்றாலும், அது நண்பர்கள் கதை. நீங்கள் கேட்டது குடும்பத்தை. 'க்ரூட்ஸ்' இரண்டாம் பாகம் 2020இல் வந்தது. அதில் காட்டைவிட, மதில் எழுப்பி வசதியாக வாழும் இன்னொரு குடும்பத்தோடு நடக்கும் உரசலே மிகுதி என்பதால், முதல் பாகம் பிடித்திருந்தால் மட்டும் அதைப் பாருங்கள்.