மலைச் சைக்கிள் ஓட்டும் தம்பிக்கு என்ன வாங்கித் தரலாம்?

கேள்வி: என் தம்பி விடிவதற்கு முன்பே மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் போய்விடுகிறான். பிறந்தநாளுக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் அவனுக்குப் பயன்படும்படி ஏதாவது வாங்கித்தர ஆசை. ஹெல்மெட் வாங்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தம்பியிடம் ஹெல்மெட் இல்லையென்றால் வேறு யோசனையே வேண்டாம், அதுதான் முதலில். ஆனால் அவருக்குத் தெரியாமல் வாங்காதீர்கள். கடைக்குக் கூட்டிப்போய்த் தலையில் மாட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில் இஎன் 1078 என்ற ஐரோப்பியத் தர எண்ணோ, சிபிஎஸ்சி என்ற அமெரிக்கத் தரக் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹெல்மெட் இருக்கிறதென்றால், நம் ஊர் முள்ளை நினைத்து வாங்குங்கள். குளத்துக்கரை, ஓடைத்தடம் என்று எங்கே இறங்கினாலும் சீமைக்கருவேல முள் கிடக்கும். அது டயரைத் துளைத்து உள்ளேயே முனை முறிந்து நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது டியூப் மாட்டினால் கொஞ்ச தூரத்திலேயே அதுவும் பஞ்சராகிவிடும். அதனால் இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல், பையில் அடங்கும் பம்பு, கூடவே நல்ல முள்வாங்கி ஒன்று. காட்டுப்பாதையில் தனியாக நிற்பவருக்கு இதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தெரியவில்லை.

வாங்கும் முன் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 27.5 x 2.25, 29 x 2.2 என்பதுபோல் எண் பொறித்திருக்கும். காற்றடிக்கும் வால்வையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் தடிமனாக ஒரு வகை, நுனியில் திருகுடன் மெலிதாக ஒரு வகை. இரண்டையும் செல்போனில் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டினால் போதும். டியூப் இல்லாத டயர் என்றால் ஓட்டையை அடைக்கும் திரவம் ஒரு பாட்டில் வாங்கலாம். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துபோகும், அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கும். பாட்டிலில் தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள்.

சீட்டு, பெடல், ஷூ எல்லாம் அவரவர் உடம்புக்கும் பழக்கத்துக்கும் ஏற்றவை, அவற்றைத் தொட வேண்டாம். பஞ்சு போன்ற சீட் உறையைப் பரிசுக்கு ஏற்றது என்று நீட்டுவார்கள். நீண்ட தூரம் மிதிப்பவருக்கு அது அழுந்தி, உராய்ந்து வலியைத்தான் கூட்டும். பணம் மிஞ்சினால் சிவப்புப் பின்விளக்கு ஒன்று வாங்குங்கள். இருட்டில் கிளம்புகிறவர், பின்னால் வரும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் கண்ணில் பட வேண்டும்.

பில் கேட்டு வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அளவு பொருந்தாதது இந்தக் கணக்கில் வராது. எனவே எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.