பழைய வீட்டு மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் தேங்குகிறது. தானாக வடியட்டும் என்று விடலாமா, எப்போது ஏறி இறக்கிவிட வேண்டும்?

ஒழுக ஆரம்பித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

எங்கள் வீடு வடசென்னைக் காலடிப்பேட்டையில், தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்திவைத்துக் குறுக்குச் சாய்வாக அடுக்கி, அதற்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த கூரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை விடிய விடியக் கொட்டியபோதும் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. காலையில் அம்மா கொசுவலையை உதறினார், சிவப்பாகச் செங்கல் தூள் கொட்டியது. அண்ணாந்து பார்த்தால் கட்டையை ஒட்டி முந்தின நாள் இல்லாத ஒரு கீறல். மாடிக் கதவு வேறு நிலையோடு இறுகிவிட்டது. மழையில் மரம் ஊறியிருக்கும் என்றார் சித்தப்பா. தோள் கொடுத்துத் தள்ளிப் போனால், மேலே கணுக்கால் அளவு தண்ணீர். குழாய் வாயை ஒரு பால் கவரும், மாஞ்சா நூலில் சிக்கிய காத்தாடிக் காகிதமும் அடைத்திருந்தன. கையால் பிடுங்கியதும் சுழித்துக்கொண்டு இறங்கியது.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஒரு சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றால் சுமார் 2.4 கிலோ. எங்கள் மாடி 600 சதுர அடி. அங்குலத்துக்கு 1.4 டன், கணுக்காலுக்கு நான்கு அங்குலம் என்றால் ஐந்தரை டன்னுக்கு மேல்! கூரையைப் பார்க்க வந்த மேஸ்திரி, தூள் கொட்டின பிறகு மேலே ஏறினதே தப்பு என்று திட்டினார். அந்த நேரத்தில் முதலில் அறையைக் காலி செய்ய வேண்டுமாம்.

டொராண்டோவில் இருக்கும் மச்சானிடம் சொன்னேன். அங்கே கூரைப் பனியை வாருவதற்கும் இதே அடையாளங்கள்தானாம்: மேல்மாடிக் கதவு இறுகுவது, சுவரில் புது விரிசல், மரம் முறுகும் சத்தம். புதுப் பனி லேசு, அதன்மேல் மழை பெய்து ஊறினால்தான் கனம் என்றான். நமக்கு அந்தச் சலுகை கிடையாது, விழுவதே தண்ணீர்தான்.

கான்கிரீட் தளம் போட்ட வீடு என்றால் பயமில்லையா? ஆள் ஏறிப் புழங்கும் தட்டை மாடிக்கு, கூரையின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ தாங்குகிற மாதிரி வடிவமைப்பது வழக்கம். அது 15 சென்டிமீட்டர் தண்ணீர். ஆனால் ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, பூச்சு பெயர்ந்து நிற்கும் வீடுகளுக்கு அந்தக் கணக்கை நம்ப மாட்டேன்.

என் வழக்கம் இது: இரண்டு விரல்கடை தேங்கினாலே, இடி மின்னல் இல்லாத நேரம் பார்த்து ஏறிவிடுவேன். நடுவில் நடக்காமல் கைப்பிடிச் சுவர் ஓரமாகவே போவேன், அதுவும் கரண்ட் ஒயர் தொங்காத பக்கமாக. கடப்பாரையால் குத்துவது கூடவே கூடாது, தட்டோடு உடைந்தால் அடுத்த மழைக்குள் ஒழுகும். குழாயில் அடைப்பு இல்லாமலே, மழை விட்டு வெகுநேரம் ஆகியும் தேங்கியிருந்தால் வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) கெட்டுவிட்டது என்று அர்த்தம், கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, வடகிழக்குப் பருவமழையும் தீபாவளியும் சேர்ந்தே வருகின்றன. வெடித்த பட்டாசுக் காகிதம் நனைந்தால் கூழாகி, பால் கவரைவிட மோசமாகக் குழாயை அடைக்கும். மறுநாள் காலையிலேயே துடைப்பத்தோடு ஏறிவிடுங்கள்.