பாக்டீரியாவை வைத்துச் செடியை மாற்றும் படிப்பு: மகளைச் சேர்க்கலாமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ தாவரவியலில் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவைப் பற்றிய பாடத்தைப் படித்ததிலிருந்து மகள் "இதைத்தான் படிப்பேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், நீட் மறுபடி எழுத மாட்டேன் என்கிறாள். கிருமியோடு வேலையாமே, ஆபத்தில்லையா, பிழைப்பு நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிருமிப் பயத்தை விடுங்கள். அக்ரோபாக்டீரியம் மண்ணில் வாழ்வது. ரோஜா, திராட்சை மாதிரிச் செடிகளில் தண்டு வேரைத் தொடும் இடத்தில் கழலை வர வைக்கும். இந்தக் கிருமிதான் காரணம் என்று 1907-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் அது செய்யும் தந்திரம் 1977-ல்தான் வெளிப்பட்டது: தன் டிஎன்ஏவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் நுழைத்துவிடுகிறது. அமெரிக்க விஞ்ஞானி மேரி-டெல் சில்ட்டனின் குழு இதைக் காட்டியது. அந்தத் துண்டில் கழலை உண்டாக்கும் மரபணுவை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வைத்தால், அதையும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காத கூரியர்காரர் மாதிரி. 1983-ல் இப்படி மாற்றிய புகையிலைச் செடிகள் வந்துவிட்டன.

சரி, படிப்பில் சேர்ந்தால் அவள் தினமும் என்ன செய்வாள்? புகையிலை இலையைச் சுத்தம் செய்து சின்னச் சின்னச் சதுரமாக வெட்டுவாள். பாக்டீரியா கலந்த திரவத்தில் சில நிமிடம் ஊறவைத்து, ஒற்றி எடுத்து, சத்து கலந்த ஜெல்லியில் இரண்டு நாள் வைப்பாள். வெட்டுக்காயத்தில் கசிகிற பொருள்தான் பாக்டீரியாவுக்கு அழைப்பிதழ். அப்புறம் பாக்டீரியாவைக் கொல்ல செஃபோடாக்சிம். ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடுகிறார்களே, அதே மருந்து. கூடவே கனாமைசின் என்ற இன்னொரு மருந்து; அதைத் தாங்கும் மரபணுவையும் நம் மரபணுவோடு சேர்த்தே அனுப்பியிருப்போம். மரபணு ஏறாத துண்டுகள் வெளிறிப்போகும், ஏறியவை பச்சையாகத் துளிர்க்கும். அதற்குச் சில வாரம். வேர் பிடிக்க வைத்து, தொட்டிக்கு மாற்றி, பிசிஆர் என்ற டிஎன்ஏ பரிசோதனையில் பார்த்தால், பச்சையாக நின்றதிலும் சிலவற்றில் மரபணு ஏறியிருக்காது. இத்தனைக்கும் புகையிலை சொன்னபடி கேட்கிற செடி. நெல்லில் இந்த முறையை ஒழுங்காகப் படிய வைக்க 1994 ஆகிவிட்டது.

நான் எம்எஸ்சி படித்தபோது ஒரு திங்கட்கிழமை காலை நாற்பது தட்டுகளைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. மூன்று மாத வேலை குப்பைக்குப் போனது. பக்கத்தில் இருந்த தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கே புதிதாக இலை வெட்டினாள். நான் வெட்டவில்லை. இன்று ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் மகளுக்கு ஆர்வம் இருக்கிறதா என்பது என் கேள்வியே இல்லை. கெட்டுப்போனதை மறுபடி செய்யும் பொறுமை இருக்கிறதா?

பிழைப்பு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பிஎஸ்சி பயோடெக் மட்டும் முடித்தால், திசு வளர்ப்பு வாழைக்கன்று உற்பத்தி செய்யும் கூடங்களிலோ தரக்கட்டுப்பாட்டிலோ சின்னச் சம்பளத்தில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். இந்தத் துறையில் எம்எஸ்சி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிக்குப் போக சிஎஸ்ஐஆர் நெட் மாதிரித் தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. என்னைக் கேட்டால், கட்ஆஃப் இருந்தால் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் பிஎஸ்சி அக்ரி. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். எம்எஸ்சியில் பயோடெக் எடுத்துக்கொள்ளலாம். மனம் மாறினால் வேளாண் அலுவலர், வங்கி என்று வேறு கதவுகளும் திறந்திருக்கும்.

"மரபணு மாற்றிய பயிருக்குத்தான் நாட்டில் தடையாமே" என்று உங்கள் கணவர் சொன்னது பாதி சரி. வணிக ரீதியாகப் பயிராவது 2002-ல் அனுமதி பெற்ற, புழுவை எதிர்க்கும் பாக்டீரியா மரபணு ஏற்றிய பிடி பருத்தி மட்டுமே. பிடி கத்தரிக்காய் 2010-லேயே நிறுத்தி வைக்கப்பட்டது. மரபணு மாற்றிய கடுகு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் தடைப்பட்டது விற்பனைதான், ஆய்வகங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. செடியின் சொந்த டிஎன்ஏவையே கத்தரிக்கோல் மாதிரி வெட்டித் திருத்தும் மரபணுத் திருத்தத்தில் சில வகைகளுக்கு 2022-ல் விதி தளர்ந்தது. 2025-ல் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். அந்தக் கத்தரிக்கோலைச் செல்லுக்குள் கொண்டுபோகவும் பெரும்பாலும் இதே பாக்டீரியாவைத்தான் பிடிக்கிறார்கள். கைப்பழக்கம் வீணாகாது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது போர்டில் "பயோடெக்னாலஜி" என்று எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள். திசு வளர்ப்பு அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அலமாரி பாட்டில்களில் செடி இருக்கிறதா, தூசி இருக்கிறதா? இரண்டாம் ஆண்டு மாணவி யாரையாவது ஓரமாகக் கூப்பிட்டு, இந்த மாதம் கையில் பைப்பெட் பிடித்தாயா என்று கேளுங்கள்.

பணம் கட்டும் முன், பக்கத்தில் உள்ள வாழைத் திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில் பேசி, மகளை இரண்டு வாரம் அனுப்பி வையுங்கள். பாட்டில் கழுவச் சொல்வார்கள், கழுவட்டும். பதினைந்தாம் நாள் சாயங்காலம் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.