டர்பனில் பிம் கற்பிக்க வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கோயம்புத்தூரில் கட்டுமான மேலாண்மையில் எம்.இ. முடித்துவிட்டு, வரும் பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவராகச் சேரப்போவதாகவும், அங்கே முதுநிலை மாணவர்களுக்குக் கட்டடத் தகவல் மாதிரியாக்கத்தை, அதாவது கட்டப்போகும் கட்டடத்தை அதன் விவரங்களோடு கணினியில் முப்பரிமாணத்தில் உருவாக்கும், சுருக்கமாகப் பிம் என்று நாம் சொல்லும் முறையை, ஆய்வகத்தில் கற்பிக்கும் பொறுப்பும் உங்களுக்குத் தரப்பட்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மாதிரி வரையும் ரெவிட்டும், மாதிரிகளைச் சேர்த்துச் சரிபார்க்கும் நேவிஸ்வொர்க்ஸும் நன்றாகத் தெரிந்தால் போதுமா, படிப்பு முடிந்தபின் இங்கேயே வேலை கிடைக்குமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் திருச்சியில் சிவில் படித்து, 17 ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தவள். கட்டுமான நிறுவனம் ஒன்றில் மாதிரிகளை ஒருங்கிணைக்கும் வேலை பார்க்கிறேன். அதில் பாதி நேரம் புதிதாகச் சேரும் பட்டதாரிகளைப் பழக்குவதிலேயே போய்விடுகிறது. ஆகவே முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடியும்: போதாது.

மென்பொருள் உங்கள் மாணவர்களுக்கும் தெரியும். சுவர் எழுப்பவும் படிக்கட்டு அமைக்கவும் யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். திரையில் இருக்கும் ஓர் எண் எங்கிருந்து வந்தது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்கும் பழக்கம்தான் அவர்களிடம் குறைவு. அதைக் கற்பிப்பதற்கு முன், இந்த நாட்டின் எண்கள் உங்களுக்கே பழகியிருக்க வேண்டும். எனக்குப் பழகாததால் நான் பட்ட சங்கடத்தைச் சொல்கிறேன்.

வந்த முதல் ஆண்டில், துறைமுகத்தை ஒட்டிய பாயிண்ட் பகுதியில் எழவிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுக்கு மாதிரி செய்துகொண்டிருந்தோம். சர்வேயர் அனுப்பிய பட்டியலில் ஒய் மதிப்புகள் எல்லாம் ஏறத்தாழ 4,000 மீட்டர், அதுவும் கழித்தல் குறியோடு இருந்தன. எக்ஸ் மதிப்புகளோ 33 லட்சம் மீட்டர். கிழக்கு இவ்வளவு, வடக்கு இவ்வளவு என்று எழுதிப் பழகிய எனக்கு அந்தக் கழித்தல் குறி தட்டச்சுப் பிழையாகத்தான் தோன்றியது. யாரையும் கேட்காமல் நீக்கிவிட்டேன். அடுத்த வாரம் கூட்டத்தில் வான்படத்தின்மேல் மாதிரியை வைத்துப் பார்த்தபோது, கடற்கரை ஓரம் இருக்க வேண்டிய கட்டடம் 8 கிலோமீட்டர் மேற்கே, கேட்டோ மேனர் மேட்டில் நின்றுகொண்டிருந்தது.

அறையில் சிரிக்காமல் இருந்தவர் அந்தச் சர்வேயர் மட்டும்தான். ஒரு தபால் உறையின் பின்புறத்தில் பென்சிலால் கோடு போட்டு விளக்கினார். தென்னாப்பிரிக்க நில அளவையில் எக்ஸ் மதிப்பு நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கு நோக்கிக் கூடும், ஒய் மதிப்பு மேற்கு நோக்கிக் கூடும். நாடு முழுவதும் ஒற்றைப்படைத் தீர்க்கரேகைகளை நடுவாகக் கொண்டு இரண்டு பாகை அகலப் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டர்பன் நகரம் 31ஆம் ரேகையின்மேலேயே உட்கார்ந்திருப்பதால், ரேகைக்குக் கிழக்கே இருப்பவை கழித்தலிலும் மேற்கே இருப்பவை கூட்டலிலும் வரும். இந்த எண்களைக் கணக்கிட, 1999 ஜனவரி 1 முதல் ஹார்டிபீஸ்ட்ஹூக்94 என்ற அளவை அடிப்படை நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய வரைபடங்கள் பழைய கேப் அடிப்படையில் இருக்கும் என்பதால், பழைய கட்டடத்தை விரிவாக்கும் வேலைகளில் இரண்டையும் சரிபார்க்காமல் ஒன்றாக அடுக்கக் கூடாது. ரெவிட்டின் கதை வேறு. அது தன் உள் மையத்தைச் சுற்றி ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்குள்தான் நம்பிக்கையாக வரையும். அதற்கு நேரடியாக 33 லட்சம் மீட்டரைக் கொடுத்தால் வரைகோடுகள் கோணலாகும், அளவுகள் பிசகும். கட்டடத்தை மையத்துக்கு அருகிலேயே வைத்துவிட்டு, உண்மையான ஆயத்தொலைவை, ரெவிட்டில் அளவைப் புள்ளி என்று இருக்கும் குறிக்கு மட்டும் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் புதியவர்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பே இதுதான். கணினியைத் திறப்பதற்கு முன், குன்றின்மேல் வெள்ளைச் சாயம் பூசி நிற்கும் முக்கோண அளவைத் தூண் ஒன்றுக்கு, அதாவது நில அளவைக்கு இடம் குறித்து நட்ட தூணுக்கு, மாணவர்களை அழைத்துப் போய், அதன் பதிவு எண்ணைத் தேடி எடுக்கச் சொல்வேன். வெயில் விஷயமும் அப்படித்தான்: இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், ஆகவே தெற்குச் சுவரில் சன்ஷேடு வைக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே ஒன்றுக்கும் உதவாது.

மாணவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வகுப்பில் பாதிப் பேர் பகலில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வருபவர்களாக இருப்பார்கள். ஜூலு மொழி பேசும் குடும்பங்களிலிருந்து முதல் பட்டதாரியாக வந்தவர்கள் பலர். பல்கலைக்கழகத்துக்கு வரும்வரை சொந்தக் கணினி இல்லாதவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே வீட்டுப்பாடத்தை ஆய்வக நேரத்துக்குள் முடிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். 2022, 2023 ஆகிய ஆண்டுகளின் மின்வெட்டுக் காலத்தில் படித்தவர்கள் கோப்பைச் சேமிப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். "ஜஸ்ட் நவ்" அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் உடனே வரும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த ஊர் ஆங்கிலத்தில் அதற்குப் பிறகு எப்போதாவது என்று பொருள். வருகைப் பதிவில் கவுண்டர், முதலியார், பிள்ளை ஆகிய பெயர்கள் கோவெண்டர், மூட்லி, பிள்ளே என்று வரும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த முதல் கப்பலும் அதன் பின்னே வந்தவையும் இறக்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். தமிழில் பேசிவிடாதீர்கள், பெரும்பாலும் புரியாது. புரியவில்லையே என்ற கூச்சத்தில் அடுத்த வகுப்பில் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள்.

கற்பிக்கும் முறைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி, மருத்துவமனை மாதிரி ஒன்றில் நேவிஸ்வொர்க்ஸ் வழியாக 1,400 மோதல்களை, அதாவது குழாயும் உத்தரமும் போல இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் வந்து முட்டும் இடங்களை, கண்டுபிடித்து, வண்ணப் படங்களோடு தடிமனான அறிக்கை ஒன்றைப் பெருமையாகக் கொண்டுவந்தாள். இவற்றில் எது திங்கட்கிழமை கான்கிரீட் போடுவதை நிறுத்தும் என்று கேட்டேன். பதில் இல்லை. அன்று மாலையே அருகிலிருந்த எங்கள் தளத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே 110 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாய் போக வழியில்லாமல், பிளம்பர் ஒருவர் இறுகிப்போன உத்தரத்தைச் சுத்தியலும் உளியும் கொண்டு கொத்திக்கொண்டிருந்தார். கொத்திய இடத்தில் கம்பி வெளியே தெரிந்தது. அவள் அந்தக் குழிக்குள் விரலை விட்டு, வரைபடத்தில் கீழ்க்கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அடுத்த வாரம் அவள் அறிக்கையில் 9 மோதல்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் யார் முடிவெடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதியிருந்தாள். அந்த ஒன்பதைத்தான் நான் பிம் என்று சொல்வேன்.

பிம் தகவல்களை நிர்வகிப்பதற்கான ஐஎஸ்ஓ 19650 என்ற பன்னாட்டுத் தரநிலையைப் பாடத்திட்டத்தில் பார்த்திருப்பீர்கள். 2018 டிசம்பரில் அதன் முதல் இரண்டு பாகங்கள் வந்தன. நடந்துகொண்டிருக்கும் வேலை, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகம் என்று நான்கு நிலைகளாகக் கோப்புகளைப் பிரிக்கும் அதன் ஏற்பாட்டைச் சொற்பொழிவாக நடத்தினால் வகுப்பு தூங்கிவிடும். நான் டோங்காட்டைப் பற்றிப் பேசித் தொடங்குவேன். டர்பனுக்கு வடக்கே, நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் அந்த ஊரில், 2013 நவம்பர் 19 அன்று கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் சரிந்து இருவர் இறந்தார்கள். 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்ததில் 34 பேர் இறந்தது மாணவர்களுக்கே நினைவிருக்கும். இந்த உத்தரத்துக்குள் எத்தனை கம்பி என்று மாதிரி சொல்கிறது, தளத்தில் எண்ணிப் பார்த்தவர் யார், அவர் எழுதிவைத்தது எந்தக் கோப்பில் இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் யார் என்று கேட்டால், நான்கு நிலைகள் எதற்காக என்பது தானாக விளங்கிவிடும்.

வேலை பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டன் 2016-இல் அரசுத் திட்டங்களுக்குப் பிம்மைக் கட்டாயமாக்கியதுபோல் இங்கே நாடு தழுவிய கட்டாயம் இல்லை. பெரிய ஆலோசனை நிறுவனங்களும் பெரிய ஒப்பந்தக்காரர்களும்தான் ஆள் எடுப்பார்கள். சிறிய ஒப்பந்தக்காரர்களிடம் இன்றும் பிடிஎஃப் வரைபடமும் வாட்ஸ்அப்பும்தான் ஓடுகின்றன. முனைவர் பட்டம் விரிவுரையாளர் வேலைக்கு உதவும், தொழில் பதிவுக்கு ஈடாகாது. பொறியாளராக முழுப் பதிவு பெற, தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். தென்னாப்பிரிக்கா 1999 முதலும் இந்தியா 2014 முதலும் பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இருப்பதால், உங்கள் பி.இ. படிப்புக்கு அந்த ஆண்டில் இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியமான என்பிஏவின் முதல் நிலை அங்கீகாரம் இருந்ததா என்று இப்போதே பாருங்கள். இருந்தால் பாதி அலைச்சல் குறையும். மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதி நேர வேலை பார்க்கலாம் என்பதால், இரண்டாம் ஆண்டிலிருந்தாவது ஓர் அலுவலகத்தில் கால் வைத்துவிடுங்கள்.

பி.இ., எம்.இ. இரண்டின் பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையோடு வாங்கிக் கையிலேயே கொண்டுவாருங்கள். இங்கிருந்து கேட்டால் மாதக்கணக்கில் ஆகும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம்வரை கட்டுமானத் துறையே விடுமுறையில் இருக்கும். ஜனவரி கடைசியில் வந்து இறங்கினால், வகுப்பு தொடங்கும் முன் எங்கள் தளங்களில் ஒன்றைச் சுற்றிக்காட்டுகிறேன். நுழையும் முன் அரை மணி நேரப் பாதுகாப்பு விளக்கத்துக்கு உட்கார வேண்டும், அவ்வளவுதான். பாதுகாப்புக் காலணியை மட்டும் கோயம்புத்தூரிலேயே வாங்கி, இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்கிக்கொண்டு வாருங்கள். கடித்த காலோடு மாணவர்களை ஏழாவது மாடிவரை அழைத்துப் போக முடியாது.