குறிப்புக் கலத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் சிறிய ஊராட்சி எங்களுடையது. ஊருக்குத் தெற்கே இருக்கும் மந்தைக்காட்டில்தான் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்க்கிறோம். அதை வேறு வேலைக்குக் கொடுக்கப் போவதாக அக்டோபர் 2 கிராம சபையில் சொன்னார்கள். 'பயன்பாடற்ற புறம்போக்கு' என்று வாசித்தார்கள். நாங்கள் மறுத்துப் பேசினோம். 'புறம்போக்குதானேம்மா' என்று அதிகாரி சொன்னதோடு பேச்சு முடிந்துபோனது. அந்தச் சொல்லுக்கு என்ன பதில்? மனு எப்படி எழுதுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தச் சொல்லுக்கு எதிரில் வாயடைத்துப் போனது உங்கள் குறையல்ல, அம்மா. புறம்போக்கு என்பது இன்று வசவாகிவிட்டது. வருவாய்க் கணக்கில் அதற்குப் பொருள் வேறு: தீர்வை விதிப்புக்குப் புறம்பாக வைத்த நிலம். அங்கிருந்து வரி வராது, அவ்வளவுதான். உதவாத நிலம் என்று அதற்கு எங்கும் பொருளில்லை.

சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த 1820களில் ரயத்துவாரி முறை வேரூன்றியது. உழவர் ஒவ்வொருவரிடமும் அரசே நேராகத் தீர்வை வாங்கும் ஏற்பாடு அது. அதற்காக நிலத்தைத் துண்டு துண்டாக அளந்து நன்செய், புன்செய், தரிசு என்று பேர் வைத்தார்கள். குளம், களம், சுடுகாடு, மந்தை, வண்டிப்பாதை எல்லாம் புறம்போக்கில் போய் விழுந்தன. ஊர் சேர்ந்து புழங்கியதெல்லாம் கணக்குப்படி வருமானமில்லாத இடம். இப்படி எழுதிவைத்த நிலப் பதிவேடு யாருடைய நிலம், எவ்வளவு தீர்வை என்று கேட்கும். யார் புழங்குகிறார்கள் என்று கேட்க அதில் ஒரு கலம்கூட, அதாவது ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மொழி சிந்தனையைக் கட்டிப்போடும் என்பார்கள். உங்கள் ஊரில் மேய்ப்பவர்களும் அந்த இடத்தைப் புறம்போக்கு என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் மழை விட்டதும் எந்த மூலையில் கொழுக்கட்டைப் புல் தழைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சொல் அவர்கள் கண்ணை மறைக்கவில்லை. அதே சொல் கோப்பில் ஏறி, அந்த மண்ணை மிதிக்காத ஒருவர் மேசைக்குப் போகும்போதுதான் அதிகாரமாகிறது. அவருக்குத் தெரிந்த நிலம் அந்த ஒற்றைச் சொல்தான். பள்ளிக்கரணைச் சதுப்பை வெற்றிடமாகப் பார்த்ததால்தான் சென்னையின் குப்பை அந்தச் சதுப்பின் பெருங்குடிப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. அதே சதுப்பு 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் ஏறியது. தண்ணீரும் பறவைகளும் முன்பே அங்கேதான் இருந்தன.

ஆகவே புறம்போக்கு என்ற சொல்லோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அதற்குள் இருக்கும் இன்னொரு சொல்லை வெளியே எடுங்கள். அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் 'அ' பதிவேட்டை, அதாவது ஊரின் நிலங்களை வரிசையாக எழுதிவைத்த வருவாய்த் துறைப் பதிவேட்டைப் பார்க்கலாம். தீர்வைக் கலத்தில் தொகை இருக்காது. கடைசியில் இருக்கும் குறிப்புக் கலத்தைப் பாருங்கள். 'மேய்க்கால்', 'மந்தைவெளி', 'களம்' என்று ஏதாவது இருக்கும். உங்கள் வழக்குக்கு உயிர் அந்தச் சொல்தான். மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, வண்டிப்பாதை, தோப்பு போன்ற புறம்போக்குகள் அரசுக்கு வேறு குறிப்பிட்ட தேவை இல்லாதபோது ஊராட்சியைச் சேர்ந்தவை என்கிறது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 134. குறிப்பில் 'தீர்வை ஏற்படாத தரிசு' என்றிருந்தால் இந்தப் பிரிவை நம்பி எழுத முடியாது. அப்போது புழக்கத்தைத்தான் நிரூபிக்க வேண்டும்.

இனி மனு. 'கருணை கூர்ந்து காப்பாற்றுமாறு பாதம் பணிந்து வேண்டுகிறோம்' என்று எழுதாதீர்கள். கருணை கேட்ட மனுவுக்கு 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வரும். யார் பரிசீலிப்பார், எப்போது என்பது அந்தப் 'படும்'மில் மறைந்துபோகும். இப்படி எழுதுங்கள்: 'சர்வே எண் இது, மேய்க்கால் புறம்போக்கு, பரப்பு இத்தனை ஹெக்டேர். இத்தனை குடும்பங்களின் இத்தனை ஆடுகள் இந்த மாதங்களில் இங்கே மேய்கின்றன. ஊராட்சியில் வேறு மேய்ச்சல் நிலம் இல்லை. இதைப் பயன்பாடற்றது என்று எந்த அலுவலர், எந்தத் தேதியில் பார்வையிட்டு எழுதினார்?' பரப்பில் கவனம் வேண்டும். பதிவேட்டில் ஹெக்டேர், அதில் நூறில் ஒரு பங்கான ஏர். நம் வாயில் ஏக்கர், சென்ட். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். மாற்றி எழுதிவிட்டால் மனுவே வேறு நிலத்தைப் பற்றியது என்று ஒதுக்க வழி கிடைக்கும்.

ஆடுகளை ஒரு வாரமாவது காலையும் மாலையும் எண்ணித் தேதியோடு குறித்துவையுங்கள். மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே வாரம் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தமிழிலேயே விண்ணப்பியுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். இங்கே பலர் சறுக்குவது 'ஏன்' என்று கேட்டு. பதிவில் இருப்பதைத்தான் தருவார்கள்; விளக்கம் தர மாட்டார்கள். 'தல ஆய்வு அறிக்கையின் நகல், கிராம சபைத் தீர்மானத்தின் நகல், அ பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

2011 ஜனவரி 28இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலங்களைப் பற்றிச் சொன்னபோது, மந்தைவெளி, புறம்போக்கு, களம் என்ற நம் சொற்களையே எடுத்தாண்டிருக்கிறது. மனுவில் அதையும் குறிப்பிடுங்கள். ஆனால் பொது நிலத்தில் ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றச் சொன்னதும் அதே தீர்ப்புதான். உங்களில் யாராவது ஓரத்தில் வேலி போட்டோ கொட்டகை கட்டியோ இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேய்ப்பவர்கள் என்ற பேர் போய், 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பேர் கோப்பில் ஏறும். அந்தப் பேரை அழிப்பது மிகக் கடினம்.

அடுத்த கிராம சபை நவம்பர் 1. வருகைக்கென்று வாங்கும் கையெழுத்தைத் தீர்மானத்துக்கு ஒப்புதலாக்கிவிடும் ஆபத்து உண்டு. தீர்மானப் புத்தகத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். 'பயன்பாடற்ற' என்ற சொல் வந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லி, 'மேய்ச்சலுக்குப் பயன்படும்' என்று திருத்தி எழுதக் கேளுங்கள். மறுத்தால் உங்கள் ஆட்சேபணையை அதே பக்கத்தில் பதியச் சொல்லுங்கள். எழுத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டிருந்தால் அங்கே கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.